புரியிழந்த துவக்கு: என்பீல்ட் றைபிளும் அதன் இந்தியத் திருத்தமும்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஏடுமே எம் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்து மக்கள் கையாண்ட கருவிகளும் சான்றுகளே என்பதை நாம் ஏற்றுக்கொள்வோமாயினும், ஏரும் கலமும் அணிகலனும் பெறும் கவனத்தைப் போர்க்கருவி பெறுவதில்லை. பெற்றாலும் அதன் அழிவாற்றலே பேசப்படுகின்றது. அதனைச் செய்தவன் யாருக்கெனச் செய்தான், பின்னர் அதனை மாற்றியவன் யாரை எண்ணி மாற்றினான் என்னும் வினாக்கள் எழுவது அரிது. வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றேயான இரு துவக்குகளை ஒப்பிட்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் றைபிள். மற்றையது, இந்தியச் சிப்பாயின் கைக்கென அதே றைபிள் 1858இல் திருத்தப்பட்ட வடிவம்.

திருகோணமலையிற் பிறந்தவர்க்குப் போர்க்கருவி புதிதன்று. கோணேசர் கோயிலுக்குச் செல்பவர் எவரும் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பழைய கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டை 1639இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே ஆங்கிலேயரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் அடுத்தடுத்துச் சென்றது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை அவர்கள் 1957இலேயே கையளித்தனர். இவையாவும் பெரும் பீரங்கிகளின் வரலாறு, நூல்களில் உண்டு. சிறு துவக்குகளின் வரலாறோ பேச்சிலேயே உள்ளது. பாலையூற்றில் வளர்ந்த நான், மாவட்டத்தின் உட்புறக் கிராமங்களிலிருந்து வருவோரின் உரையாடலிற் கேட்டறிந்த முதற் படைக்கலப் பெயர்கள் 'இடியன்', 'கட்டுத்துவக்கு' என்பனவே. வாய்வழியாக மருந்திட்டு இடித்துக் கெட்டிப்பதால் அது இடியன். காட்டுப் பன்றி வரும் தடத்திற் கட்டிவைத்து, குறுக்கே இழுத்த கயிற்றில் விலங்கின் கால் பட்டதும் வெடிக்குமாறு அமைப்பது கட்டுத்துவக்கு. அது பன்றியின் காலுக்கும் விறகுக்குச் சென்றவரின் காலுக்கும் வேறுபாடு அறியாது. 1983 முதல் 2009 வரையான போரைக் கண்ட மூத்தோர் முன்னிலையிலோ துவக்கு என்ற சொல் எழுந்தாலே பேச்சு நின்றுவிடும். இக்கட்டுரையின் பொருளைச் சொன்னபோது வீட்டிற் கிடைத்த முதல் வினா, "வேறு தலைப்புக் கிடைக்கவில்லையா?" என்பதே.

துவக்கைத் திருத்துதல் எம் நாட்டிற்குப் பழக்கமான தொழில் என்பதையும் இங்குக் கூறவேண்டும். போர்த்துக்கேயர் வரவோடு கைத்துவக்கை அறிந்த சிங்களக் கம்மியர், சில தலைமுறைகளுக்குள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஐரோப்பியத் துவக்குகளிற் பெரும்பாலும் வலப்புறம் அமையும் விசைப்பொறியை இவர்கள் இடப்புறம் அமைத்தனர். பிடியின் அடியைப் பிளவுபட்ட வடிவிற் செதுக்கினர். குழலிலும் மரத்திலும் கொடிவேலைப்பாடு செய்தனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடிக் கொண்டுசென்றவற்றுள், லெவ்கே திசாவை மன்னனுக்கு அளித்த பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி பேர்பெற்றது. அதனையும் வேறு ஐந்து பொருள்களையும் நெதர்லாந்து அரசு 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திருப்பியளித்தது. அவ்வைந்தனுள் இரண்டு துவக்குகள். கண்டிக் கம்மியன் தனக்குக் கிடைத்த வடிவத்தோடு தன் கைத்திறனைக் கூட்டினான். கிராமத்துக் கொல்லனோ ஒரு குழாயைக்கொண்டு இல்லாத துவக்கை உண்டாக்குகின்றான். இவ்விருவர் செயலும் கூட்டுதலே. இனி நாம் நோக்கப்போவது குறைத்தல். அதைச் செய்தவன் தனிக் கொல்லனும் அல்லன். அக்கால உலகின் மிகப்பெரிய பேரரசு.

வேறுபாடு முழுவதும் குழலின் உட்புறத்தில் இருப்பதால் முதலில் அதனை விளக்குதல் வேண்டும். பழைய மஸ்கற் துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதனுள் இடப்படும் ஈயக் குண்டு குழலின் அகலத்தினும் சற்றுச் சிறியதாகையால், வெடித்ததும் இங்குமங்கும் முட்டியவாறு வெளியேறும். கடைசியாக எப்பக்கம் முட்டியதோ அதற்கேற்பத் திசை மாறும். நூறு யாருக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்துச் சுடுதல் பெரும்பாலும் வீண் முயற்சி. ஆகவேதான் அக்காலப் படைகள் வரிசையாய் நின்று ஒருங்கே சுட்டன. றைபிளின் குழலில் சுருளாக ஓடும் தவாளிப்புக்கள் வெட்டப்பட்டிருக்கும். கம்மியர் மொழியிற் சொன்னால், குழலுக்குப் புரி இடப்பட்டிருக்கும். புரியைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு, கையினின்று விடுபட்ட பம்பரம்போலச் சுழன்றுகொண்டே செல்வதால் நேர்வழியிற் செல்கின்றது. இத்தத்துவம் நெடுங்காலம் அறியப்பட்டதே. ஆயினும் குண்டு புரியைப் பற்றவேண்டுமாயின் குழலோடு இறுகப் பொருந்தவேண்டும். இறுகப் பொருந்தும் குண்டை வாய்வழியாக இறக்குவதற்கு நேரமும் வலிமையும் வேண்டும். போர்க்களத்தில் இரண்டுமே கிடைப்பதில்லை. 1849இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே இதற்கு விடை கண்டார். அவருடைய குண்டு கூம்பிய முனையும் குடைந்த அடியும் உடையது. குழலினும் சிறியதாகையால் எளிதில் உள்ளிறங்கும். வெடித்தபோது அடிப்பகுதி விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும்.

இவ்வுத்தியை அடிப்படையாகக் கொண்டதே 1853ஆம் ஆண்டு மாதிரி. லண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்ட் என்னுமிடத்து அரச படைக்கலத் தொழிற்சாலையின் பெயரை அது பெற்றது. குழலின் நீளம் 39 அங்குலம், உள் விட்டம்.577 அங்குலம், மூன்று தவாளிப்புக்கள், 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற அளவில் மெல்லச் சுழல்வன. நிறை ஏறத்தாழ 9 1/2 இறாத்தல். குழலை மரத்தோடு பிணைக்கும் மூன்று வளையங்கள் அதன் வெளி அடையாளம். பின்புறக் குறிகாட்டி ஏணிபோல நிமிர்த்தக்கூடியது; 900 யார் வரையான தூரங்கள் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தூரத்தில் ஒரு தனி மனிதனைச் சுட்டு வீழ்த்துவது எளிதன்று. ஆயினும் சில நூறு யார் தொலைவில் பழைய மஸ்கற் ஏந்திய படை திருப்பிச் சுடமுடியாத நிலையில் இருந்துகொண்டே அதனைச் சிதறடிக்கலாம். கிரிமியப் போரின் பிற்பகுதியில் இது மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட எந்திரங்கள் 1850களின் பிற்பகுதியில் என்பீல்டில் இயங்கத்தொடங்கியபின், ஒரு துவக்கின் உறுப்பு மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தும் வண்ணம் ஆயிரக்கணக்கில் இவை வெளிவந்தன. எல்லாத் துவக்கும் ஒரே துவக்கு என்பதே தொழிற்சாலை உற்பத்தியின் பெருமை. அப்பெருமைக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் நாம் காணப்போகின்றோம்.

1857இன் தொடக்கத்தில் இத்துவக்கு இந்தியாவுக்கு வந்தது. டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களிற் பயிற்சி தொடங்கியது. தோட்டாவின் தாளுறையிற் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற செய்தி பரவியதும், மார்ச் 29ஆந் திகதி பரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்ததும், தோட்டாவை ஏற்க மறுத்த 85 குதிரை வீரர் விலங்கிடப்பட்ட மறுநாளாகிய மே 10ஆந் திகதி மீரட் கிளர்ந்ததும் பாடநூல்களில் உள்ளன. இங்கு விரிக்கவேண்டியதில்லை. பாடநூல்கள் அழுத்திக் கூறாத ஒன்றுண்டு. சிப்பாய்கள் வெறுத்தது தோட்டாவையே, றைபிளை அன்று. அத்தோட்டாவை மறுத்ததன் விளைவாக, டெல்லியிலும் பிறவிடங்களிலும் அவர்களிற் பெரும்பாலோர் பழைய மஸ்கற்றுடனேயே நின்று, என்பீல்ட் ஏந்திய பிரித்தானியரை எதிர்த்தனர். கிளர்ச்சியை அடக்க இலங்கையிலிருந்தும் படை சென்றது. இங்கிருந்த 37ஆம் காலாட்படை கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. புரிக்கும் புரியின்மைக்கும் உள்ள வேறுபாடு என்னவென்பதை இரு தரப்பாரும் தம் உடலிலே கண்டுகொண்டனர். ஆட்சியாளர் அப்பாடத்தை மறக்கவில்லை.

கிளர்ச்சிக்குப் பின்னர்ப் படையைச் சீரமைக்க நியமிக்கப்பட்ட பீல் ஆணைக்குழு, வங்காளத்தில் ஓர் ஐரோப்பியனுக்கு இரு இந்தியர் என்றும், சென்னையிலும் பம்பாயிலும் ஒருவனுக்கு மூவர் என்றும் விகிதம் வகுத்தது. சென்னைப் படை பெரும்பாலும் கிளர்ச்சியிற் கலந்துகொள்ளாதது என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். கலந்தவனுக்கும் கலவாதவனுக்கும் விகிதத்தில்தான் வேறுபாடு; எண்ணித் தரப்பட்ட ஐயம் இருவருக்கும் உண்டு. பீரங்கிப்படை, சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் நீங்கலாக, ஐரோப்பியர் கைக்கு மாற்றப்பட்டது. இவை ஆணைகளிலும் அறிக்கைகளிலும் எழுதப்பட்டவை. துவக்குக்குச் செய்யப்பட்டதோ இரும்பில் எழுதப்பட்டது.

1858ஆம் ஆண்டின் இந்திய மாதிரி எவ்வாறு உண்டாயிற்று? என்பீல்ட் குழலைக் குடைந்து மூன்று தவாளிப்புக்களையும் முற்றாக அகற்றினர். .577 அங்குலமாயிருந்த உள் விட்டம் ஏறக்குறைய .656 ஆயிற்று. நிமிர்த்தும் குறிகாட்டியை நீக்கி, அசையாத சிறு குறிகாட்டி ஒன்றைப் பொருத்தினர். புரியற்ற குழலிலிருந்து பறக்கும் குண்டுக்குத் தூரக் கணக்கு எதற்கு? மற்றையவை யாவும் இருந்தவாறே இருந்தன: அதே நீளம், அதே மூன்று வளையங்கள், அதே விசைப்பொறி, பொறித்தகட்டில் அதே முடி. அணிவகுப்பு மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவனுக்குப் பிரித்தானிய வீரனின் தோளிலும் இந்திய வீரனின் தோளிலும் ஒரே துவக்கு. ஒன்று பல நூறு யார் எறியும். மற்றது நூறு யாரில் தடுமாறும். அரை நூற்றாண்டுக்கு முன் பாட்டனார் ஏந்திய மஸ்கற்றின் ஆற்றலே பேரனின் புத்தம்புதுத் துவக்கிலும் இருந்தது.

திருத்தத்தில் ஒரு குறையும் நேர்ந்தது. .577 அளவுக்கென வார்த்த குழலை அத்துணை அகலமாகக் குடைந்ததால் அதன் சுவர் மெலிந்தது. மெலிந்த குழல் எளிதில் வளைந்தது, நெளிந்தது. ஆகவே அடுத்த ஆண்டே 1859ஆம் ஆண்டு மாதிரி என ஒன்றை வகுத்து, தடித்த சுவருடைய குழலைத் தனியாக வார்க்கவேண்டியதாயிற்று. இச்சிறு செய்தியையே இவ்வொப்பீட்டின் உயிர்நிலையாக நான் கருதுகின்றேன். ஏனெனில், இம்மாற்றத்திற்கு வேறு காரணங்கள் கூறுவோர் உளர். புரியற்ற துவக்கு மலிவானது, துப்புரவாக்குவது எளிது, காவற் கடமைக்கும் கூட்டத்தைக் கலைப்பதற்கும் சிறு சன்னங்களை இட்டுச் சுட ஏற்றது, சிப்பாய்க்குத் தூரத்துக் குறி பயிற்றும் செலவும் மிச்சம் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. சன்னம் சுடுவதற்குப் புரியற்ற குழலே சிறந்தது என்பதை எம்மூர் வேட்டைக்காரரும் அறிவர். ஆயினும் சிக்கனமே நோக்கமாயின், பழைய மஸ்கற்றுகளைச் சிப்பாயின் கையில் விட்டிருந்தாற் போதும். எந்திரத்தால் நுணுக்கமாக வெட்டிய புரியை மற்றோர் எந்திரத்தால் அழிப்பது சிக்கனமாகாது. அழித்ததால் வந்த பழுதைத் தீர்க்க மறு ஆண்டே புதுக் குழல் வார்ப்பது அதனிலும் சிக்கனமாகாது. ஆட்சி தன் அச்சத்துக்குப் பணம் செலவிட்டது என்றே கொள்ளவேண்டியுள்ளது.

இதற்கு மாறான திருத்தம் ஒன்றும் அதே என்பீல்டுக்கு நிகழ்ந்தது. 1866இல், ஜேக்கப் ஸ்னைடர் என்னும் அமெரிக்கரின் திட்டப்படி, கிடங்குகளிற் குவிந்திருந்த என்பீல்ட் றைபிள்களின் குழலைப் பின்புறம் வெட்டி, பக்கவாட்டில் திறந்து மூடும் அடைப்பான் ஒன்றைப் பொருத்தினர். அதன்பின் வீரன் நின்று வாய்வழி கெட்டிக்க வேண்டியதில்லை. படுத்தவாறே பின்புறம் தோட்டா இடலாம். நிமிடத்திற்கு மூன்று முறை சுட்டவன் பத்து முறை சுட்டான். ஒரே துவக்கு, எட்டு ஆண்டு இடைவெளியில் இரு திருத்தங்கள். பிரித்தானிய வீரனை நினைத்துச் செய்த திருத்தம் அதனை ஒரு தலைமுறை முன்னே தள்ளியது. இந்தியச் சிப்பாயை நினைத்துச் செய்த திருத்தம் இரு தலைமுறை பின்னே இழுத்தது.

இந்தியருக்கும் பின்னர் புரியுள்ள துவக்கு கிடைத்தது. ஆனால் எப்பொழுதும் ஒரு படி பின்னால். 1880 யூலை 27இல் ஆப்கானிஸ்தானத்து மைவாண்ட் களத்தில் பிரித்தானிய 66ஆம் படையிடம் மார்ட்டினி-ஹென்றி இருந்தது; அவர்களோடு அதே வெயிலில் நின்று மடிந்த பம்பாய்ப் படையினரிடம் இருந்தது ஸ்னைடர். 1897இல் சாரகரிக் காவல்நிலையைக் காத்து மடிந்த 21 சீக்கியரின் கையில் மார்ட்டினி-ஹென்றி. அவ்வெல்லைப் போரிற் பிரித்தானியக் காலாட்படையிடம் பல தோட்டாக்கள் கொள்ளும் லீ-மெற்போர்ட். 1914இல் பிரான்சில் மார்செயில்ஸ் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைப்பிரிவினர்க்கு, ஜேர்மனியரை எதிர்கொள்ளச் செல்லுமுன் அங்கேயே புதுத் துவக்குகள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. ஐரோப்பியனைச் சுடவேண்டிய தேவை வந்தபோதுதான் அப்படி குறுகியது. எம் நாட்டிலும் இவ்வேற்றுமை வேறு வடிவில் இருந்தது. 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். அவர்தம் தோட்டங்களில் உழைத்த தமிழருக்கு அதில் இடமில்லை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

குழலைக் குடையும் பழக்கம் 1859உடன் முடிந்துவிடவில்லை. வங்காளத்து இச்சாப்பூரில் றைபிள் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. லீ-என்பீல்ட் றைபிள்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. .303 தோட்டாவைப் பயன்படுத்தும் அவற்றைத் திருத்தி, பொலிஸாருக்கும் சிறைக்காவலருக்கும் என .410 மஸ்கற் என்பதை அங்கு உண்டாக்கினர். புரி நீக்கப்பட்டது. பத்துத் தோட்டா கொள்ளும் அறையிலே மரக்கட்டை ஒன்று அடைக்கப்பட்டது. ஒருமுறைக்கு ஒரு தோட்டாவே இடலாம். அத்தோட்டாவும் தனி வகையானது. கிளர்ச்சியாளர் துவக்கைப் பறித்துச் சென்றாலும், எங்கும் கிடைக்கும் .303 தோட்டாவைக்கொண்டு அதனாற் பயன்பெற முடியாது. 1858இல் ஐயத்துக்குரியவன் துவக்கை ஏந்திய சிப்பாய். இப்பொழுது ஐயம் இரட்டித்தது: ஏந்துபவன்மீதும், அவனிடமிருந்து பறிக்கக்கூடியவன்மீதும். எகிப்தியக் கிராமக் காவலருக்கென இங்கிலாந்தின் கிறீனர் நிறுவனம் செய்த துவக்கிலும் இதே எண்ணம் தொழிற்பட்டது. அதன் வெடியூசி மும்முனை கொண்டது. அதற்கெனச் செய்த தோட்டா தவிர வேறெதுவும் வெடிக்காது.

.410 மஸ்கற் 1947உடன் மறைந்திருக்குமானால் இதனைக் குடியேற்ற ஆட்சியின் குற்றப்பட்டியலிற் சேர்த்துவிட்டு நாம் அமைதியடையலாம். ஆனால் சுதந்திர இந்தியாவிலும் அது பல மாநிலப் பொலிஸாரின் கைகளில் நெடுங்காலம் இருந்தது. ஆட்சியாளர் மாறினர், மரக்கட்டையை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. ஐயத்தையும் கிடங்கோடு சேர்த்தே கையேற்றனர் போலும். இதை எழுதும்போது எம் நாட்டு நிலையும் மனத்தில் எழாமலில்லை. ஆயினும் அது தனிக்கட்டுரைக்கு உரியது.

1858ஆம் ஆண்டு மாதிரியும் அதன் மூலமும் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போர் வீடுகளிலும் அருகருகே தொங்குகின்றன. 2003இல் நேபாள அரசின் பழைய படைக்கலக் கிடங்கொன்றை அமெரிக்க வணிகர் மொத்தமாக வாங்கியபோது பல்லாயிரம் துவக்குகள் ஒருங்கே வெளிவந்தன. பிரித்தானிய ஆட்சிக்கு உட்படாத அந்நாட்டின் கம்மியர் என்பீல்டையும் பிரன்ஸ்விக்கையும் பார்த்துத் தாமே செய்த துவக்குகளும் அவற்றுள் இருந்தன. இத்தகைய துவக்கொன்றை வாங்க வருபவர் மரத்தையோ வளையத்தையோ முடியின் பொறிப்பையோ பார்த்து வேறுபாட்டை அறிதல் அரிது. அவை எல்லாவற்றிலும் உண்டு. குறிகாட்டியும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே பழகியவர் குழலின் வாயில் விரல் நுனியை விட்டுச் சுற்றிப் பார்ப்பர். மூன்று தவாளிப்புக்கள் தட்டுப்படுமாயின் அது 1853ஆம் ஆண்டு மாதிரி. ஒன்றும் தட்டுப்படாமல் விரல் வழுக்கிச் சுற்றுமாயின், அது இந்தியச் சிப்பாய்க்கென்று செய்யப்பட்டது.